காலி ஃபீடரா, அழுக்கு ஃபீடரா?

விஸ்கான்சின், மினசோட்டா மாதிரி பனி கொட்டும் இடங்களில் தோட்டத்தில் ஃபீடர் மாட்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு டிசம்பரில் ஒரு கவலை வரும். மூணு வாரம் ஊருக்குப் போறோமே, தினமும் நம்ம விதையைத் தின்னு பழகின குருவிங்க பட்டினியில செத்துடாதா? பக்கத்து வீட்டில் விதை மூட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு.

கவலை நியாயமானதுதான். கருந்தொப்பிச் சிக்கடியை எடுத்துக்கொள்வோம். எடை 10 முதல் 12 கிராம், அதாவது நாலு அமெரிக்க பென்னி காசு எடைக்குச் சற்று மேலே. உடம்புச் சூடு 42 டிகிரி செல்சியஸ், வெளியே மைனஸ் 20. உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும், சூடும் அந்த அளவுக்கு வேகமாக வெளியேறும். டிசம்பர் கடைசியில் இரவு மட்டும் 15 மணி நேரம். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் நடுங்கியே எரித்துத் தீர்க்கிறது. அதுவும் போதாமல் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரிக்கும் மேல் தானே இறக்கிக்கொள்கிறது, நம்ம லேப்டாப் ஸ்லீப் மோடுக்குப் போகிற மாதிரி. விடிந்ததும் முதல் வேலை தீனி. இப்படிப்பட்ட ஜீவனுக்கு ஒருநாள் பட்டினி என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் தீனிக்கு நம்மை மட்டும் நம்பி இருக்கிறதா? விஸ்கான்சினில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிக்கடிகளின் காலில் வளையம் மாட்டி இதை எண்ணிப் பார்த்தார்கள். 1988இல் வந்த முடிவு: ஃபீடர் இருந்த காட்டில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின, இல்லாத காட்டில் 37 சதவீதம்தான். இந்த வித்தியாசம் பெரும்பாலும் கடுங்குளிர் மாதங்களில் வந்தது. மற்ற மாதங்களில் ஃபீடரால் பெரிய லாபம் இல்லை.

அடுத்ததாக அவர்கள் செய்ததுதான் நம் கேள்விக்கு நேரடியான பதில். பல வருடமாகத் தீனி வைத்திருந்த ஒரு காட்டில் ஃபீடர்களை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த சிக்கடிகளை, ஃபீடரையே பார்த்திராத காட்டுச் சிக்கடிகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 1992இல் வெளியான முடிவு இது. ஃபீடர் இருக்கும்போதே அதன் தினசரித் தேவையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கிருந்து கிடைக்கிறது. மீதியெல்லாம் மரப்பட்டை இடுக்கில் இருக்கும் பூச்சி முட்டை, சிலந்தி, காட்டு விதைகள். போதாததற்கு, இலையுதிர் காலத்திலேயே ஒரு இடத்துக்கு ஒரு விதை என்று நூற்றுக்கணக்கில் ஒளித்து வைத்து, வாரக்கணக்கில் இடத்தை ஞாபகமும் வைத்திருக்கும். (நான் கார் சாவியைத் தேடும் வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.) ஒரே ஒரு இனத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தீனி போட்டால் பறவை சோம்பேறியாகிவிடும் என்ற வாதத்துக்கு இது நல்ல அடி.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? என் கணக்கில், அழுக்குக்கு.

ஹவுஸ் ஃபின்ச் அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பறவை. 1940இல் நியூயார்க்கில் கூண்டுப் பறவையாகச் சட்டவிரோதமாக விற்றதை வியாபாரிகள் லாங் ஐலண்டில் திறந்து விட்டார்கள். கிழக்கில் இருப்பவை அந்தச் சில பறவைகளின் வாரிசுகள். 1994 வாக்கில் வாஷிங்டன் வட்டாரத்து ஃபீடர்களில் கண் வீங்கி, பீளை கட்டிய ஃபின்ச்சுகளைப் பார்த்தார்கள். மைக்கோப்ளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியாதான் காரணம். கோழிப்பண்ணைகளுக்குப் பழைய எதிரி அது. கண் தெரியாத பறவை பட்டினியில் சாகும், இல்லையென்றால் பருந்துக்கு இரையாகும். சில வருடங்களில் நோய் கிழக்கு முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டும் சாப்பிடுகிற விதத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். சிக்கடி வரும், ஒரு விதையை எடுக்கும், பறந்துவிடும். கிளையில் உட்கார்ந்து காலால் அமுக்கிப் பிடித்து உடைத்துத் தின்னும். ஃபின்ச் அப்படியில்லை. ஃபீடரிலேயே உட்கார்ந்து குழாயின் துளைக்குள் தலையை விட்டுவிட்டுத் தின்றுகொண்டிருக்கும். நோய்ப்பட்ட கண் அந்த விளிம்பில் உரசும், அடுத்து வருவதன் கண்ணும் அதே விளிம்பில் உரசும். ஃபீடரில் அதிக நேரம் கழிக்கும் பறவைகள்தான் நோயை வாங்குவதிலும் பரப்புவதிலும் முன்னால் நிற்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழற்றிக் கழுவுங்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பிறகு நன்றாக அலசி முழுக்கக் காயவைப்பது முக்கியம். கீழே பனியில் சேரும் தோலையும் நனைந்த விதையையும் கூட்டி எடுங்கள், ஜங்கோ போன்றவை தரையில்தான் பொறுக்கும். நோய்ப்பட்ட பறவையைப் பார்த்தால் இரண்டு வாரமாவது ஃபீடரை இறக்கி வைப்பது நல்லது. விதையில் கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி போதும், தோல் மெல்லியது, கொழுப்பு அதிகம். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயோ பத்து மீட்டருக்கு அப்பாலோ மாட்டினால் கண்ணாடியில் மோதிச் சாவது குறையும்.

ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஃபீடரைக் கழுவிக் காயவைத்து, கராஜில் வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் தபால்பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.