வாசிக்கத் தெரியாத வேதக்காரர்கள்!

"பாட்டி, முன்மாரின்னா என்ன?"

ஆங்கிலவழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் கேட்கிறான். மடியில் வேதப் புத்தகம். யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவன், அந்தச் சொல்லில் தட்டுப்பட்டு நின்றுவிட்டான். எதிரே சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எழுத்து வாசனையே கிடையாது.

"அது விதைப்புக்குப் பெய்யுற மழை யய்யா. கதிர் பிடிக்கையில பெய்யுறது பின்மாரி. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் வெள்ளாமை வீடு வந்து சேராது. ம்... மேல வாசி."

பேரன் தொடர்கிறான். அவசரத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறான். பாட்டி நிறுத்தச் சொல்லி, விட்டுப்போன சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். படிக்கத் தெரிந்தவனைப் படிக்கத் தெரியாதவர் திருத்துகிறார்!

கோவில்பட்டியைச் சுற்றியிருக்கும் கரிசல்காட்டு ஊர்களில், மாலை ஜெபம் நடக்கும் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம்.

தென்மாவட்டங்களில் கிறிஸ்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'வேதக்காரர்கள்'. அவர்கள் கும்பிடும் இடம் 'வேதக்கோயில்'. ஒரு புத்தகத்தை வைத்தே ஒரு கூட்டத்துக்குப் பெயர் அமைந்துவிட்டது. ஆனால், அந்தப் பெயரைச் சுமந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக அந்தப் புத்தகத்தின் ஒரு வரியைக்கூட வாசிக்கத் தெரியாது. அப்படியானால், வேதம் அவர்களுக்கு உண்மையிலேயே சொந்தமா, அல்லது அலமாரியில் வைத்துக் கும்பிடும் பொருள்தானா?

கூடாரத்தோடு வந்த வேதம்

தமிழ் வேதாகமம் அச்சேறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-ல் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் வந்த சூல்ச், 1728-ல் பழைய ஏற்பாட்டையும் முடித்துக் கொடுத்தார்.

புத்தகம் வந்துவிட்டது. ஆனால், கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்து, வானத்தைப் பார்த்துப் பிழைத்த கரிசல் சம்சாரிகளில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள்? அவர்களிடம் வேதம் நடந்துதான் போக வேண்டியிருந்தது.

1854-ல் ராக்லாந்து, ஃபென், மெடோஸ் என்ற மூன்று ஆங்கிலேய மிஷனரிகள் வடக்குத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். ஒரே ஊரில் பங்களா கட்டி உட்காராமல், கூடாரம் அடித்துத் தங்கி, அதைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். தெற்கத்திச் சபைகளைச் சேர்ந்த தமிழ் உபதேசியார்களும் உடன் நடந்தார்கள். மரத்தடியிலும் சாவடியிலும் ஒருவர் வாசிக்க, ஊர் கேட்டது. கேம்பிரிட்ஜில் படித்த ராக்லாந்து, 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார்.

அதன்பிறகு ஊர் ஊராக வேதத்தைப் பிடித்து நிறுத்தியவர் உபதேசியார்தான். ஞானஸ்நானம் பெற வருகிறவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் மூன்றும் மனப்பாடமாக இருக்க வேண்டும். உபதேசியார் சொல்லச் சொல்ல, களையெடுத்த கையோடு வந்த பெண்கள் திருப்பிச் சொல்லிப் பழகினார்கள்.

பாட்டில் ஏறிய வசனம்

மனப்பாடத்தைவிடச் சுலபமான வழி பாட்டு. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் இதை நன்றாக அறிந்தவர். பைபிள் கதைகளைக் கர்நாடக ராகத்திலும் நாட்டுப்புற மெட்டிலும் கீர்த்தனைகளாக்கினார். குறவஞ்சி வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். இன்றும் கிராமத்துச் சபைகளில், பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கீர்த்தனையைக் கடைசிச் சரணம்வரை பாடுகிற மூதாட்டிகள் இருக்கிறார்கள்.

கத்தோலிக்கர்களின் கதை சற்று வேறு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது காமநாயக்கன்பட்டி. ஆகஸ்ட் 15 அன்று பரலோக மாதா திருவிழாவுக்கு மக்கள் திரளும் ஊர். இத்தாலியிலிருந்து வந்து, பின்னாளில் 'தேம்பாவணி' எழுதிய வீரமாமுனிவர் பணியாற்றிய ஊரும்கூட. அங்கே 1960-கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. வேதக் கதைகள் மக்களிடம் வந்து சேர்ந்தது தமிழ் மந்திரங்கள், தபசுக் காலப் புலம்பல்கள், பாஸ்கா நாடகங்கள் வழியாக. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வேதாகமம் விசுவாசிகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று சொன்ன பிறகு நிலைமை மாறியது. கத்தோலிக்கர்களும் மற்றச் சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்த 'திருவிவிலியம்' 1995-ல் வெளிவந்தது.

உண்மையில், வேதாகமமே முதலில் காதுக்குத்தான் வந்தது. பவுலின் நிருபங்கள் சபை கூடும்போது உரக்க வாசிப்பதற்காக எழுதப்பட்டவை. நெகேமியாவின் புத்தகத்தில், எஸ்றா நியாயப்பிரமாணத்தை விடியற்காலையிலிருந்து நண்பகல்வரை வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும் நின்று கேட்கிறார்கள். லேவியர்கள் அர்த்தம் சொல்கிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள்.

கரிசலுக்குப் புரிந்த கதை

வேதாகமத்தின் நிலமும் மழையை நம்பிய நிலம்தான். அதனால் சில கதைகள், நகரத்தில் படித்தவர்களைவிடக் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதை போடுவார்கள். புழுதி விதைப்பு என்று அதற்குப் பெயர். மழை வந்தால் விதை பிழைக்கும், வராவிட்டால் விதையும் போச்சு, கூலியும் போச்சு. அப்படி விதைத்தவருக்கு இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை விளக்கத் தேவையில்லை. வண்டிப்பாதையில் விழுந்ததைப் பறவை கொத்துவதும், சரளையில் முளைத்தது காய்வதும், முள்ளுக்குள் சிக்கியது நெருக்குண்டு போவதும் அவர் வருஷா வருஷம் பார்ப்பவை. ஒன்று முப்பதாக, அறுபதாக, நூறாக விளைந்தது என்று கேட்கும்போது, அந்த நூறு எவ்வளவு பெரிய விளைச்சல் என்பதும் அவருக்குத் தெரியும்.

ரூத், போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய கதையும் அப்படித்தான். அறுவடை முடிந்த காட்டில் சிந்தியதைப் பொறுக்கி உலை வைத்த பெண்ணுக்கு, புருஷனை இழந்து, அந்நிய ஊரில் குனிந்து நிற்கும் ரூத் யாரோ ஒருத்தி இல்லை. ஈசாக்கு தோண்டிய கிணறுகளுக்காக நடந்த சண்டையும், கோடையில் குடத்தோடு அலைந்தவர்களுக்குப் பழைய காலத்துக் கதை இல்லை.

இரண்டு காசின் முன்கதை

ஆனால், கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வாசிப்பவர் எதை வாசிக்கிறாரோ அதுதான் கிடைக்கும். எதை விடுகிறாரோ அது கிடைக்காது.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். 'இருப்பதையெல்லாம் கொடுத்தாள் பார்' என்று காணிக்கை நேரத்தில் அடிக்கடி சொல்லப்படுவது. மாற்கு சுவிசேஷத்தில் அதற்குச் சற்று முன்பே இன்னொரு செய்தி இருக்கிறது. நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற மார்க்க அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கேட்ட பெண், 'காணிக்கை போட்டால் கடன் தீரும்' என்று யாராவது சொன்னால் யோசிப்பார். பின்பாதியை மட்டும் கேட்டவர், காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடக்கூடும்.

எழுத்து தெரியாதவருக்கு வேதம் துண்டு துண்டாக இல்லாமல், அதிகாரம் அதிகாரமாக முழுசாக வாசிக்கப்பட வேண்டும். 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். இந்த உரிமை படித்தவர்களுக்கும் தேவைப்படுவதுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளைத் தானே வாசித்தவர். ஆனாலும், சொல்லித்தர ஆள் இல்லாமல் எப்படிப் புரியும் என்று பிலிப்புவிடம் கேட்டார். ரதத்தில் ஏறி உட்காரச் சொல்லி, விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

போன் வாசிக்கிறது, ஆனால்...

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 73.4 சதவிகிதம். மீதமிருப்பவர்களில் பலர் இன்றைய பாட்டிகள். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வசன அட்டை அவர்களுக்கு வெறும் பூப்படம்தான்.

அதே போனில் தமிழ் வேதாகமம் ஒலி வடிவிலும் கிடைக்கிறது. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல்வரை ஒன்றுவிடாமல் வாசிக்கும். தீப்பெட்டி அடைத்துக்கொண்டே ஒரு சுவிசேஷத்தை முழுசாகக் கேட்டு முடித்துவிடலாம். எதை வாசிப்பது, எதை விடுவது என்று இன்னொருவர் முடிவு செய்யாமல், முழு வேதமும் எழுத்தறியாத பெண்ணின் காதுக்கு வருகிறது. ராக்லாந்தோடு நடந்த உபதேசியார்களால்கூடக் கொடுக்க முடியாத வசதி இது.

ஆனால் போனிடம் சந்தேகம் கேட்க முடியாது. அது பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போய்விடும். பேரப்பிள்ளைகளோ கோவைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். லீவுக்கு வந்தாலும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அவர்களுக்குப் பாதி புரிவதில்லை. பாட்டிக்கு எழுத்து தெரியாது. பேரனுக்கு எழுத்து தெரியும், முன்மாரி தெரியாது. அவன் வாசிக்க, அவர் அர்த்தம் சொல்ல, அந்தக் கால் மணி நேரத்தில் இருவருக்குமே வேதம் முழுசாகக் கிடைக்கிறது.

அதிகாரம் முடிந்தது. பேரன் புத்தகத்தை மூடப்போகிறான்.

"இருய்யா, அந்த விவசாயி மழைக்குக் காத்திருப்பானே... அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி. இந்த வருஷமும் இன்னும் பெய்யலை."