முதலில் பாடுகிறவர்களுக்கும் ஒரு கைதட்டு!

கருவேப்பிலங்குறிச்சிக்காரிக்கும் ராக் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கிறீர்களா, சகோதரிகளே? இருக்கிறது!

கல்யாணமான புதிதில் பெங்களூரில் குடித்தனம். 2007 மார்ச் 17, சனிக்கிழமை. அங்கே படித்துக்கொண்டிருந்த என் தம்பி, "எத்தனை நாள்தான் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடப்பே? வாக்கா" என்று அரண்மனை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். லண்டனில் 1975-ல் தொடங்கிய 'அயர்ன் மெய்டன்' குழு முதன்முறையாக இந்தியாவில் பாடிய நாள் அது. திரும்பின பக்கமெல்லாம் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். புடவையில் நான் மட்டும்தானோ என்று ஒரே கூச்சம்!

நம்ம ஊர்த் திருவிழாவில் பெரிய கச்சேரிக்கு முன்னால் சின்னக் கச்சேரி நடக்குமே, அதுபோல அங்கேயும் இரண்டு. ஒன்று டில்லி 'பரிக்ரமா' குழு. அத்தனை கிடார் முழக்கத்துக்கு நடுவே ஒருவர் வயலின் வாசித்தார். "அட, நம்ம வயலின்டா!" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்று, லாரன் ஹாரிஸ் என்ற பெண். அயர்ன் மெய்டனைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் மகள். எங்கள் பக்கத்துப் பையன்களோ அப்பாவின் குழு பெயரைச் சொல்லித்தான் கூவினார்கள். அந்தப் பெண் அசரவில்லை. பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பிறகு பெரிய குழு வந்தது. தரையே அதிர்ந்தது. ராத்திரி முழுக்கக் காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்காம். பிள்ளைகளை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பஞ்சு போதாது, கடையில் விற்கும் காதடைப்பான்தான் வேண்டும்.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் என் மகளை முதல் பாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். "கூட்டமே வந்திருக்காதும்மா. யாரும் கேக்க மாட்டாங்க. நான் போகலை" என்று ஒரே அழுகை. விருத்தாசலம் போகிற பஸ்ஸில் இந்தக் கதையைச் சொன்னேன். அன்றைக்கு முன்னால் வாசித்த பரிக்ரமா, அதே ஜூன் மாதம் இங்கிலாந்தில் 'டவுன்லோட்' திருவிழா மேடையில் ஏறியதையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதி நாற்காலி காலிதான். ஆனாலும் குரல் நடுங்காமல் பாடினாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு அம்மாக்கள் தட்டினார்கள்.

அடுத்த விழாவுக்கு நீங்களும் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் உட்காருங்களேன். முதலில் பாடுவதும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே!