கொல்லுலை (கற்சிற்பம்)

கொல்லுலை என்பது இரும்பையும் உருக்கையும் இளகும்வரை சூடாக்கி, அடித்து உருவமைப்பதற்குப் பயன்படும் சிறிய அடுப்பு ஆகும். கனிமத்திலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் ஊதுலையிலிருந்து இது வேறுபட்டது. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மாமல்லபுரத்தில், கற்சிற்பத் தொழிலோடு கொல்லுலை நெருங்கிய தொடர்பு உடையது. கருங்கல்லைச் செதுக்கும் உளியின் முனை விரைவில் மழுங்கிவிடும். அதனை மீண்டும் காய்ச்சிக் கூராக்கித் தராவிட்டால் சிற்பியின் வேலை நின்றுவிடும். எளிதில் கிடைக்கும் பழம்பொருட்களைக் கொண்டு, குறைந்த செலவிலேயே இத்தகைய உலையையும் பட்டடையையும் அமைக்கலாம்.

வரலாறு

செங்கல்பட்டுப் பகுதியில் இரும்பின் பயன்பாடு பல்லவர் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள சானூரில் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகழாய்வில், பெருங்கற்கால ஈமச் சின்னங்களிலிருந்து இரும்புப் பொருட்கள் கிடைத்தன.

கி. பி. 7 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் குறிப்பிடுகிறான். கட்டடப் பொருளாக உலோகம் தவிர்க்கப்பட்டாலும், பாறையைக் குடைவதற்கு இரும்பு உளி இன்றியமையாததாக இருந்தது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் உள்ள பிடாரி இரதங்கள், வலையன்குட்டை இரதம் ஆகியவற்றில் உளி வேலையின் படிநிலைகளைக் காணலாம்.

மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. இங்கு 1957 இல் சிற்பக்கலையைக் கற்பிக்கும் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரம் கற்சிற்பங்கள் 2017 இல் புவிசார் குறியீடு பெற்றன.

உளி மழுங்கும் காரணம்

கருங்கல்லில் உள்ள குவார்ட்சு, மோவின் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்னும் இடத்தில் உள்ளது. நன்கு வன்மையாக்கப்பட்ட உருக்கு மட்டுமே அதனுடன் ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் வன்மை மிகுந்தால் உளியின் முனை நொறுங்கும், குறைந்தால் மடங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கொண்டுவருவதே உலை வேலையின் நோக்கமாகும்.

உலையின் அமைப்பு

கொல்லுலைக்கு எரிகுழி, காற்றுக்குழாய், காற்றூட்டி என மூன்று உறுப்புகள் உண்டு. பழைய இரும்பு வாளியையோ பாதியாக வெட்டிய பீப்பாயையோ கூடாகக் கொள்ளலாம். அதன் உட்புறத்தில் களிமண்ணும் மணலும் கலந்த கலவை ஏறத்தாழ 5 செ.மீ. கனத்துக்குப் பூசப்படும். கடற்கரை மணல் இதற்கு ஏற்றதன்று. அதில் உள்ள சிப்பித் துகள்கள் உலைச் சூட்டில் சுண்ணாம்பாக மாறும். பின்னர் ஈரம் பட்டதும் அவை பொங்குவதால் பூச்சு உதிர்ந்துவிடும். ஆகவே ஆற்று மணலோ கல் உடைத்த மணலோ பயன்படுத்தப்படும். பூச்சு நிழலில் நன்றாக உலர்ந்த பின், முதலில் சிறு தீ மட்டுமே மூட்டவேண்டும்.

எரிகுழியின் அகலம் 15 முதல் 20 செ.மீ. வரை போதுமானது. அடியிலிருந்து சுமார் 8 செ.மீ. உயரத்தில், பக்கவாட்டில் 2.5 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய் பொருத்தப்படும். குழாய்க்கு மேல் குறைந்தது 10 செ.மீ. உயரத்துக்குக் கரி குவிந்திருக்கவேண்டும். காற்றில் உள்ள ஆக்சிசன் இக்கரியில் எரிந்து தீர்வதால், மேலே வைக்கப்படும் இரும்பில் செதில் படிவது குறையும். இரும்பைக் குழாயின் வாய்க்கு நேரே வைப்பது தவறாகும்.

முற்காலத்தில் தோல் துருத்தி காற்றூட்டியாக இருந்தது. இக்காலத்தில் கையால் சுற்றும் விசிறியோ சிறு மின்விசிறியோ பயன்படுகிறது. சவுக்கு, சீமைக்கருவேல் ஆகியவற்றின் கரியும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் ஏற்ற எரிபொருட்கள் ஆகும்.

பட்டடை

காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் தளம் பட்டடை அல்லது அடைகல் எனப்படும். புதிய பட்டடை விலை மிகுந்தது. அதற்கு மாற்றாகப் பழைய தண்டவாளத் துண்டு பயன்படும். இந்திய இரயில்வேயில் பயன்படும் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோகிராம் எடை உடையது. எனவே 30 செ.மீ. துண்டு ஏறத்தாழ 16 முதல் 18 கிலோகிராம் வரை இருக்கும். அதனைக் கிடையாக வைப்பதை விட நிறுத்தி வைத்து அடித்தால், சுத்தியலுக்கு நேர் கீழே அதிக எடை அமைவதால் அடி வீணாகாது. கனமான மரக்கட்டையில் அதனை அசையாமல் பதிக்கவேண்டும்.

இரயில்வேச் சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆதலால் ஏலத்தில் கழிக்கப்பட்ட தண்டவாளத்தை மட்டும் இரசீதுடன் வாங்கவேண்டும். வார்ப்பிரும்பு அடியில் வெடிப்பதால் பட்டடைக்குப் பொருந்தாது. கடற்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் பட்டடைக்கு எண்ணெய் தடவப்படும்.

உளியைப் பதப்படுத்தல்

உளி செய்வதற்குக் கரிமம் மிகுந்த உருக்கு தேவை. கட்டடக் கம்பியில் கரிமம் குறைவாதலால் அது போதிய வன்மை பெறாது. லாரிப் பட்டை போன்ற வில் உருக்கு பயன்படும். வேலை பின்வரும் முறையில் நடைபெறும்.

1. முனையைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, சுத்தியலால் அடித்துக் கூராக்க வேண்டும். செந்நிறம் மங்கியபின் அடித்தால் முனையில் கீறல் விழும்.
2. மீண்டும் காய்ச்சிக் காந்தத்தால் சோதிக்க வேண்டும். இரும்பு சுமார் 770 பாகை செல்சியசில் காந்த ஈர்ப்பை இழக்கும். அதற்குச் சற்று மேலான சூட்டில் முனையின் 2 செ.மீ. அளவை மட்டும் நீரில் தோய்க்கவேண்டும்.
3. உடனே முனையைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கினால், உளியின் உடலில் எஞ்சிய சூடு முனையை நோக்கிப் பரவும்போது நிறங்கள் தோன்றும். வைக்கோல் நிறம் சுமார் 230 பாகையையும், பழுப்பு 255 பாகையையும், ஊதா 280 பாகையையும், நீலம் 300 பாகையையும் காட்டும்.
4. வைக்கோல் நிறத்துக்கும் ஊதாவுக்கும் இடையில், கல்லின் தன்மைக்கு ஏற்ற நிறம் முனையை அடைந்ததும் உளி முழுவதும் நீரில் தோய்க்கப்படும்.

உளியின் தலைப்பகுதி வன்மையாக்கப்படுவதில்லை. வன்மையாக்கினால் சுத்தியல் அடியில் சில்லுகள் தெறித்துக் கண்ணைப் பாதிக்கும். நிறங்களைத் தெளிவாகக் காண்பதற்காக உலை நிழலான இடத்தில் அமைக்கப்படும்.

பாதுகாப்பு

* கரி எரியும்போது மணமற்ற நச்சு வளிமமான கார்பன் ஓராக்சைடு வெளிப்படுகிறது. அடைத்த அறையில் உலை மூட்டுவது உயிருக்கு ஆபத்தானது.
* துத்தநாகம் பூசிய குழாய்களை உலையில் பயன்படுத்தலாகாது. துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகும். அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் உண்டாகும்.
* ஈரமான கல்லும் சிமெண்டுக் காரையும் கடுஞ்சூட்டில் வெடித்துச் சிதறக்கூடும்.
* கண்ணாடி, பருத்தி ஆடை, மூடிய காலணி ஆகியவை தேவை. அருகில் நீரும் மணலும் இருக்கவேண்டும்.

இன்றைய நிலை

தங்குதன் கார்பைடு முனை பொருத்திய உளிகளும் மின் அறுவைக் கருவிகளும் வந்தபின் கொல்லுலையின் தேவை குறைந்துள்ளது. கார்பைடு முனையை அடித்துக் கூராக்க இயலாது; சாணைக்கல்லிலேயே தீட்டவேண்டும். மின் கருவிகள் வேலையை விரைவாக்கினாலும் மிகுந்த நுண்தூசியை எழுப்புகின்றன. குவார்ட்சுத் தூசி சிலிக்கோசிசு என்னும் தீராத நுரையீரல் நோயை உண்டாக்கும். உருக்கு உளி பயன்படும் இடங்களில், சிற்பத்துக்கு வேண்டிய வடிவிலும் அகலத்திலும் உளியை அவ்வப்போது மாற்றி அடித்துக்கொள்வதற்குச் சிறு கொல்லுலையே உதவுகிறது.