கோயிலில் நெளிகிற வாண்டுகள்

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" ஞாயிறு ஆராதனையில் இப்படிக் கேட்காத பிள்ளை உண்டா? உடனே தொடையில் ஒரு கிள்ளு! பிள்ளை அடங்கிவிடும், ஆனால் கோயில் என்றாலே அந்தக் கிள்ளுதான் அதற்கு நினைவு வரும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, ஆராதனைக்கே நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். 'பரட்டை அண்ணன்' என்றால் பலருக்கும் தெரியும். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை வைத்தே திருவிருந்தை விளக்கினார். சோறும் தாளமும் பிள்ளைக்குப் புரியாதா? அதிலும் சித்திரையில் அழகர் புறப்படும் கொட்டுச் சத்தம் கேட்டு வளரும் அழகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு!

நீங்களும் செய்து பாருங்களேன்:

* சனிக்கிழமை இரவே மறுநாள் வேதபாடத்தைக் கதையாகச் சொல்லுங்க.
* அடுப்படியில் வேலை செய்துகொண்டே ஒரு பாட்டைக் கைதட்டிப் பழக்குங்க.
* முன்வரிசையில் உட்காருங்க. பெரியவர்கள் முதுகையே பார்த்தால் யாருக்குத்தான் சலிக்காது?
* காணிக்கையைப் பிள்ளை கையாலேயே போடச் சொல்லுங்க.

வீடு திரும்பியதும் "என்ன புரிஞ்சுது?" என்று பரீட்சை வைக்காதீங்க. "எது பிடிச்சுது?" என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு செருப்பை மாட்டிக்கொண்டு அதுவே முதலில் வாசலில் நிற்கும்!