அத்திரம்பாக்கம்: மண் காத்த வரலாறு

ஓர் ஊரின் தொன்மையை அறியக் கல்வெட்டுகளும் இலக்கியங்களும் துணைபுரிகின்றன. எழுத்துத் தோன்றாக் காலத்து வாழ்க்கையை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை தரும் சிற்றூர்களுள் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே, கொசத்தலையாற்றுப் படுகையில் அமைந்துள்ள அத்திரம்பாக்கம்.

‘பாக்கம்’ என்னும் சொல் பண்டு நெய்தல்நிலத்து ஊரைக் குறித்தது. பின்னர் உள்நாட்டு ஊர்ப்பெயர்களிலும் ஈறாய் அமைந்தது. பெயரைவிடப் பன்மடங்கு பழமையான சான்றுகள் இவ்வூரின் மண்ணடியில் உள்ளன.

நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் பலவற்றைக் கண்டறிந்தனர். இருபுறமும் செதுக்கிக் கூராக்கப்பட்ட கைக்கோடரிகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999இல் இங்கு அகழாய்வைத் தொடங்கினர். இங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்பது 2011இல் வெளியான ஆய்வின் முடிவு. சிறிய செதில்களைத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுக்கும் புதிய நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வழக்கில் இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, இங்கு முதன்முதலில் கருவி செய்தோர், இன்றைய மனித இனத்திற்கு முற்பட்ட தொல்மாந்தர் ஆவர்.

கைக்கோடரிகளின் காலக் கணிப்பு எவ்வாறு இயன்றது? நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் படுவதால், அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழப் புதையுண்டபின் அவை புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முன்பு உருவானவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சியிருக்கும் அளவுகளின் விகிதம், கல் புதையுண்ட காலத்தைத் தெரிவிக்கிறது.

ஆகவே, கருவியைப் போன்றே அது கிடந்த மண்ணடுக்கும் ஒரு சான்றாகும். இடம்பெயர்ந்த கருவியின் வடிவத்தை அறியலாம்; அதன் காலத்தையும் உடன்கிடந்த பிற சான்றுகளோடு அதற்குள்ள தொடர்பையும் உறுதிப்படுத்துதல் அரிது. கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ள இம்மாவட்டத்தில் சாலைக்கும் கட்டடத்திற்கும் நிலம் தோண்டப்படுகிறது. தொழில்வளமும் நாட்டிற்குத் தேவையே. எனினும், ஒருமுறை கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அமைக்க இயலாது.

தொல்பொருள் எனக் கருதத்தக்க கல்லைக் காண்போர் அதனை எடுத்துச் செல்லாமல், கிடந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் இத்தகைய கருவிகளைக் காணலாம். அவற்றைக் கண்டு பழகிய கண்களே, காலடியில் கிடக்கும் கல்லிலும் வரலாற்றை இனங்காணும்.