நோயுற்றோர் வீடு மாறும்போது

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்றனர் நம் முன்னோர். நீடித்த நோயாளி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வாடகை வீடு மாறிய அனுபவம் அவர்களுக்கு இருந்திருப்பின், அதனையும் இப்பழமொழியோடு சேர்த்திருப்பர். மாசி வீதிகளின் நெருக்கத்திலிருந்து ஆனையூருக்கும் விளாங்குடிக்கும் ஒத்தக்கடைக்கும் குடிபெயரும் குடும்பங்கள் பல. வாடகை குறைவு, காற்றோட்டம் மிகுதி என்பன அவர்கள் கூறும் காரணங்கள். நல்ல காரணங்களே. ஆயினும் நீரிழிவாலோ, மூட்டுவாதத்தாலோ, சிறுநீரகக் கோளாறாலோ பல்லாண்டு துன்புறும் ஒருவர் அக்குடும்பத்தில் இருப்பாராயின், கணக்கை மற்றொரு முறை போட்டுப் பார்ப்பது நலம்.

நலமுள்ளவருக்கு வீடு தங்குமிடம். நோயாளிக்கோ அது சிகிச்சையின் ஒரு பகுதி. இருட்டிலும் கால்களுக்குப் பழகிய வழி, மாதக் கடைசியில் கடனுக்கு மருந்து தரும் தெருமுனைக் கடைக்காரர், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அடுத்த வீட்டு அம்மாள் - இவற்றையெல்லாம் லாரியில் ஏற்ற இயலாது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மதுரை மறைத்தளத்தில் உழைத்தபின், பார்வை மங்கிய முதுமையில் அதனை விட்டு நீங்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணம் சென்று, பின்னர் மயிலாப்பூர் சேர்ந்து, 1656-இல் அங்கேயே இறைவனடி எய்தினார். பார்வை குன்றியவருக்குப் பழகிய ஊர் ஒரு கைத்தடி. அதனைக் கீழே வைத்துவிட்டுப் புறப்படுவது எத்தகைய துறவு என்பதை நோயாளர் அறிவர்.

அவ்வாறாயின் வீடு மாறவே கூடாதா? அப்படியன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வொன்றில், நோயாளருள் ஒரு சாரார் சானடோரியத்திலும், மற்றொரு சாரார் தம் எளிய இல்லங்களிலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். நல்லுணவும் ஓய்வும் மருத்துவமனையில்தான் மிகுதி. எனினும் வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான முடிவு உலகுக்குக் காட்டியது. மருந்து தவறாமல் கிடைத்ததும், பணியாளர் வீடு தேடிச் சென்று கவனித்ததும் அதற்குத் துணை நின்றன. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே: வீடு மாறலாம், கவனிப்பு அறுபடலாகாது.

செய்ய வேண்டுவன

முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே மருத்துவமனையின் தூரத்தை அளந்து பாருங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தேவை. ஊருக்கு வெளியே வாடகையில் மிச்சப்படுவதை, கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லும் ஆட்டோ விழுங்கிவிடக்கூடும். மாடிப்படி இல்லாத வீடா, கழிப்பறையில் பிடித்து எழக் கைப்பிடி உண்டா என்பதையும் பாருங்கள்.

மருந்துச் சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள், ஒரு மாத மருந்து ஆகியன ஒரே பையில், ஒருவர் கையிலேயே இருக்கட்டும். சாமான்களோடு லாரியில் போகலாகாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் காயும் வண்டியில் அது வீணாகிவிடும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், பழைய பகுதிப் பணியாளரிடம் கூறி, புதிய பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவரைப் பரண் தூசி தட்டும் நாளிலும், புதுச் சாயத்தின் நெடி அடங்கும் வரையிலும் உறவினர் இல்லத்தில் தங்கச் செய்வது நன்று. நோயாளியே பொருள்களை அடுக்க விரும்பினால் தடுக்காதீர்கள். நாளுக்கு ஓர் அலமாரித் தட்டு, அதுவும் உட்கார்ந்தபடியே என்று வரையறுத்துக் கொடுங்கள்.

கேட்டீர்களா?

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வீடு மாறும் செய்தி பல இல்லங்களில் நோயாளியின் காதுக்குத்தான் கடைசியில் எட்டுகிறது. வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, நாளும் குறித்தபின் அவருக்குச் சொல்லப்படுகிறது. “என்னால்தானே உங்களுக்கு இவ்வளவு தொல்லை” என்று அவர் கண் கலங்குவதில் வியப்பென்ன? அவர் பெட்டி படுக்கைகளில் ஒன்றல்லர், அக்குடும்பத்தின் உறுப்பினர். எந்தச் சன்னலருகே கட்டில் வேண்டும், எது அவருக்கு அச்சம் தருகிறது என்று முன்னதாகவே கேளுங்கள். புது வீட்டில் முதலில் போடப்படுவது அவருடைய கட்டிலாக இருக்கட்டும்.

பங்கு மக்களுக்கும் இதில் பங்குண்டு. பழைய பங்குத் தந்தையிடமும் புதிய பங்குத் தந்தையிடமும் தெரிவித்தால், நோயாளிக்கு வீட்டில் வழங்கப்படும் நற்கருணை தடைபடாது. புதிய அன்பியத்தார் அன்றைய உணவைக் கொண்டுவரலாம். இளைஞர் பாரம் தூக்கலாம். முடக்குவாதக்காரனைக் கூரை வழியே இறக்கிய நால்வரின் பெயரை மாற்கு நமக்குச் சொல்லவில்லை. ஆயினும் அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று எழுதி வைத்தார். கட்டிலின் நான்கு மூலைகளுக்கும் ஆள் வேண்டும்; ஒரு தாயோ ஒரு மகளோ தனியே தூக்கக்கூடியதன்று அது.

வீடு மந்திரிக்க அழைக்கப்படும்போது, நாம் முதலில் தீர்த்தம் தெளிக்க விரும்புவது நோயாளியின் கட்டில் இருக்கும் அறையில்தான். அங்கே வெளிச்சமும் காற்றும் இருந்து, அக்கட்டிலில் இருப்பவர் “இந்த இடத்தை நான்தான் கேட்டேன், சாமி” என்று சொல்வாராயின், அவ்வீட்டை ஆண்டவர் ஏற்கெனவே ஆசீர்வதித்துவிட்டார் என்றே நாம் கொள்வோம்.