ஊவா மலைவழிகள்: ஒன்பது வளைவுகளும் ஓர் அப்புஹாமியும்

ஹாலி-எலைக்கு அப்பால், போகொடையில், கல்லந்த ஓயாவின் மேல் ஓடு வேய்ந்து நிற்கும் மரப்பாலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அது கால்நடையாகச் சென்ற யாத்திரிகர்களுக்காக எழுந்தது. எல்ல நிலையத்துக்கும் தெமோதரை நிலையத்துக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலமோ புகைவண்டிக்காக எழுந்தது. இரண்டுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கழிந்திருந்தபோதிலும், இரும்பின் தயவின்றி நிற்பது என்ற ஒரே பெருமையை ஜனங்கள் இரண்டுக்கும் சூட்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

கண்டிக்கு 1867-இலும், நானுஓயாவுக்கு 1885-இலும், பண்டாரவளைக்கு 1894-இலும் வந்து சேர்ந்த இருப்புப்பாதை, பதுளையை எட்ட 1924 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த தூரம் சொற்பமே. ஆனால் ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலுள்ள பண்டாரவளையிலிருந்து 2,200 அடி உயரத்திலுள்ள பதுளைக்கு, 44 அடிக்கு 1 அடி என்ற சரிவுக்கு மேற்படாமல் வண்டியை இறக்க வேண்டும் என்பதே பொறியியலாளரின் சங்கடம். ஆகவேதான் அப்பாதை நேரே செல்லும் துணிவின்றி மலையை மலையாகச் சுற்றி, குடையக்கூடியதைக் குடைந்தும் தாண்ட வேண்டியதைத் தாண்டியும் செல்கிறது.

அப்படித் தாண்ட வேண்டியிருந்த பள்ளங்களில் ஒன்றின் மேல்தான் நமது பாலம் நிற்கிறது. நீளம் 300 அடி. உயரம் சுமார் 80 அடி. ஒவ்வொரு வளைவின் அகலமும் 30 அடி. இந்த அளவுகள் பெரியவையல்ல, தென்னாட்டு நதிப் பாலங்களைக் கண்டவர்களுக்கு அற்பமாகவும் தோன்றலாம். விசேஷம் என்னவென்றால், ஒன்பது வளைவுகளையும் தாங்கிக்கொண்டு பாலமே வில்லாக வளைந்து செல்வதுதான். வண்டியின் பின்பெட்டியில் இருப்பவர், தம்மை இழுத்துச் செல்லும் எஞ்சினைத் தாமே காணலாம்.

இனி ஐதிகத்துக்கு வருவோம். மகாயுத்தம் மூண்டதால் பாலத்துக்கென்று குறித்த எஃகு முழுவதும் போர்க்களத்துக்குத் திருப்பப்பட்டதாம். வெள்ளைக்காரத் துரை கைபிசைந்து நின்றபோது, பேயாட்டக்காரரும் மேளக்காரருமான பி. கே. அப்புஹாமி என்ற கிராமவாசி, கல்லையும் செங்கலையும் கொண்டே இதைக் குறைந்த செலவில் முடித்துத் தருவதாக முன்வந்தாராம். பள்ளத்தில் பாறைகளைக் கொட்டி நிரப்பி, அவற்றின் மேல் தூண்களை எழுப்பி, வேலை முடிந்ததும், முதல் வண்டி செல்லும்போது பாலத்தின் அடியிலேயே படுத்திருப்பேன் என்று சபதம் செய்து, அவ்வாறே படுத்தும் காட்டினாராம்.

கதை ரசமானது, ஆயினும் காலக்கணக்கு சற்று இடிக்கிறது. யுத்தம் 1918-இல் ஓய்ந்தது. பாலம் எழுந்தது 1919-க்கும் 1921-க்கும் இடையில் என்கிறார்கள். எஃகு வராததால்தான் இவ்வடிவம் பிறந்தது என்று கொள்ளவும் அவசியமில்லை. வளைவின் மேல் ஏறும் பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்கித் தூண்களுக்கு இறங்குகிறது. நெருக்குதலைத் தாங்குவதில் கல்லும் செங்கலும் எதற்கும் சளைத்தவையல்ல. நேராகவே கிடக்கக்கூடிய இரும்பு உத்திரங்களைக் காட்டிலும், வளைந்து செல்லும் பாதைக்கு இத்தகைய கட்டுமானமே இசைவானது என்பது என் அபிப்பிராயம். தவிர, பாலத்தின் வரைபடங்களும் வேலை விவரங்களும் அடங்கிய அறிக்கை ஒன்றை இலங்கைப் பொறியியற் சங்கம் 1923-இல் வெளியிட்டிருக்கிறது. அதன் தலைப்பே இதைக் கொங்கிரீட் பாலம் என்கிறது. வடிவமைத்தவராகச் சொல்லப்படுபவர் ரயில்வே நிர்மாணப் பகுதியைச் சேர்ந்த ஹரால்ட் கத்பர்ட் மார்வூட்.

அதனால் அப்புஹாமியைத் தள்ளிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. வரைபடம் பாறை சுமப்பதில்லை. சுமந்தவர்களையும், சாரம் கட்டியவர்களையும், கல் செதுக்கியவர்களையும் அறிக்கைகள் பெயர் சொல்லி எழுதும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எழுத்து விட்டுவிட்ட இடத்தைக் கிராமத்தின் நாக்கு தன் ஆள் ஒருவரைக் கொண்டு நிரப்பிக்கொண்டது, அவ்வளவே.

இதே பாதையில் சற்றுக் கீழே தோட்டத்துத் தமிழரும் ஒரு கதைக்குள் புகுந்துவிட்டார்கள். சரிவு மீறாமல் பாதையை இறக்க வழி தெரியாமல் பொறியியலாளர் திகைத்திருக்கையில், கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைக் கண்டு, அந்தச் சுற்றிலேயே விடை கண்டாராம். அந்தப் பொறியியலாளர், பிற்காலத்தில் நீர்மின்சக்தியால் கீர்த்தி பெற்ற டி. ஜே. விமலசுரேந்திர என்பார் பலர். கங்காணிக்கு மட்டும் எவரும் பெயர் சொல்வதில்லை. அப்புஹாமிக்குக் கிட்டிய அந்தச் சலுகை நம்மவருக்குக் கிட்டவில்லை.

அந்தத் தலைப்பாகையின் கதையையும், தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் புகுந்து செல்லும் தெமோதரை வளையத்தையும் அடுத்த வாரம் சாவகாசமாகப் பார்ப்போம்.

(தொடரும்)